ஆஸ்பத்திரியில் நம்ம பேரை நாமே சொல்லுவோம்



தராசடியில் தினமும் நடக்கிற ஒரு விஷயத்தோடு ஆரம்பிக்கிறேன். கொழுந்து நிறுக்கும் நேரம். ஒரே மலையில் நாலு லெட்சுமி இருக்கிறார்கள். "லெட்சுமி, 18 கிலோ" என்று எழுதப் போனால் நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? "எந்த லெட்சுமிங்க? நான் மேட்டு லயத்து லெட்சுமி. என் செக்ரோல் நம்பரைப் பார்த்துப் போடுங்க" என்று உடனே சத்தம் கேட்கும். ஒரு கிலோ மாறினாலும் விட மாட்டோம். விடவும் கூடாது. அது நம்ம உழைப்பு.

ஆனால் அதே லெட்சுமி அக்கா வருத்தம் என்று ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருக்கும்போது என்ன நடக்கிறது? வெள்ளை உடுப்பில் மிசி ஊசியோடு வந்து "லெட்சுமிதானே?" என்று கேட்டால், "ஆமாங்க" என்று தலையை ஆட்டிக் கையை நீட்டி விடுகிறார். எந்த லெட்சுமி என்று அவரும் சொல்வதில்லை, மிசியும் கேட்பதில்லை. ஒரு கிலோ கொழுந்துக்கு இருக்கிற கவனம் நம்ம உயிருக்கு இல்லாமல் போகிறது. இதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன். இது கதை அல்ல. எங்கள் குடும்பத்திலேயே நடந்தது.

பெரியம்மாவுக்கு நடந்தது

எங்கள் பெரியம்மா 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர். பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில் இருக்கிற தர்மபுரத்தில் குடியேறினார்கள். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டில் இருந்து வன்னிக்குப் போன சனங்கள் எத்தனையோ பேர். நம்மில் பலருக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் பெரியம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். சளி நெஞ்சில் கட்டி மூச்சு வாங்கியது. வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. எங்கேயும் நடக்கக் கூடியது.

அவருக்குக் கிடைத்தது ஜன்னலோரத்துக் கட்டில். இரவு மழை பெய்து சாரல் அடித்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, "எனக்குக் குளிர் ஒண்டும் செய்யாது, நீங்கள் இங்காலை வாங்கோ" என்று இடம் மாறிக் கொடுத்தார். நல்ல மனசோடு செய்த உதவி. ஆனால் அந்த அம்மாவுக்குச் சீனி வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டியவர். கட்டில் மாறியது இரவு வேலைக்கு வந்த மிசிக்குத் தெரியாது.

விடியற்காலை மிசி வந்தார். கட்டில் நம்பரைப் பார்த்தார். "அம்மா, ஊசி போடுவமே?" என்றார். பெரியம்மா அரைத் தூக்கத்தில் "ஓம் மிசி" என்றார். ஊசி ஏறிவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெரியம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. துணைக்கு இருந்த அக்கா, அதாவது பெரியம்மாவின் மகள், காய்ச்சல் விடுகிறது என்று நினைத்திருக்கிறார். பக்கத்துக் கட்டில் அம்மாதான் பார்த்த உடனே, "இது சீனி இறங்கின மாதிரி இருக்கு, ஓடிப் போய் மிசியைக் கூப்பிடு பிள்ளை" என்று சத்தம் போட்டவர். அவருக்கு அந்த அனுபவம் இருந்தது. டொக்டர் ஓடி வந்து குளுக்கோஸ் ஏற்றினார். பெரியம்மா பிழைத்தார்.

சீனி வியாதி இல்லாதவருக்கு இன்சுலின் போட்டால் இரத்தத்தில் உள்ள சீனி மட்டம் விழுந்து விடும். மூளைக்குச் சீனி போதாமல் மயக்கம் வரும், வலிப்பும் வரும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். தூங்குகிறார் என்று நினைத்துப் போர்வையைப் போர்த்தி விட்டிருந்தால் பெரியம்மா எழுந்திருக்கவே மாட்டார்.

அந்த மிசி சின்னப் பெண். இரவு முழுக்க அந்த வாட்டைப் பார்த்தவர் அவரும் ஒரு அட்டென்டனும்தான். நடந்தது தெரிந்ததும் பெரியம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்று அழுதாராம். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நல்ல மிசியும் பிழை விடக் கூடும். அந்தப் பிழையைத் தடுக்க நோயாளியும் ஒரு கை கொடுக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆள் மாறுவது எப்படி?

ஆஸ்பத்திரியில் ஆள் மாறுவதற்குப் பல காரணங்கள்.

கட்டில் நம்பரை ஆளின் பேராக எடுப்பது முதல் காரணம். சனம் கூடினால் ஒரு கட்டிலில் இரண்டு பேர், கீழே பாயில் ஒருவர் என்று ஆகிவிடும். காலையில் ஒருவர் வீட்டுக்குப் போவார், பின்னேரம் அதே கட்டிலுக்கு வேறொருவர் வருவார். ஆகவே கட்டில் நம்பரை வைத்து மருந்து கொடுப்பது ஆபத்து.

கேட்கிற விதம் இரண்டாவது. "நீங்கள் லெட்சுமிதானே?" என்று கேட்டால் காது மந்தமானவர், காய்ச்சலில் கிடப்பவர், பயந்தவர் எல்லாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "உங்கள் பேர் என்ன?" என்று கேட்டால் வாயைத் திறந்து சொல்லியே ஆக வேண்டும். இரண்டு கேள்வியும் ஒன்று போலத் தெரிந்தாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

மூன்றாவது வேலைப் பளு. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஒருவர் தண்ணீர் கேட்பார், ஒருவர் சேலைன் முடிந்தது என்பார், டெலிபோன் அடிக்கும். எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் நமக்கும் எண்ணிக்கை விட்டுப் போகும் அல்லவா? அது போலத்தான்.

நான்காவது பாஷை. மலைநாட்டில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போனால் பல வாட்டுகளில் சிங்களம் மட்டும் தெரிந்த மிசிமார்தான் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நமக்குப் பாதிதான் விளங்கும். விளங்காத இடத்தில் தலையாட்டுவது நம்ம பழக்கம்.

நம்ம பேரில் இருக்கிற சிக்கல்

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரே பேர் பலருக்கு. லெட்சுமி, பழனியம்மா, ராமாயி, முத்தையா, பெருமாள் இல்லாத லயம் உண்டா? அதோடு வீட்டில் கூப்பிடுவது ஒரு பேர், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு விதமாக எழுத்து. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதும்போது "லெச்சுமி", "லக்ஷ்மி", "லட்சுமி" என்று ஒரே ஆள் மூன்று ஆளாகி விடுவார்.

நமக்குக் குடும்பப் பேர் என்று தனியாகக் கிடையாது. தகப்பன் பேரையோ புருஷன் பேரையோ முன்னால் போடுகிறோம். கலியாணத்துக்கு முன் எடுத்த கிளினிக் புத்தகத்தில் தகப்பன் பேர், பிறகு எடுத்ததில் புருஷன் பேர் இருந்தால், ஆஸ்பத்திரிக்காரர் இரண்டும் இரண்டு ஆள் என்றுதான் நினைப்பார்கள். பழைய நோயின் விவரம் ஒரு புத்தகத்தில், புது மருந்து இன்னொரு புத்தகத்தில் என்று பிரிந்து போகும்.

ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரே பேரைக் கொடுங்கள். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள். கூப்பிடும் பேரை அங்கே சொல்ல வேண்டாம்.

கல்முனையில் ஒரு குழந்தை

பேரைச் சொல்ல வாய் இல்லாதவர்களின் நிலை என்ன? நம் நாட்டில் நடந்ததையே பார்ப்போம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அடித்த அன்று கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஒரு கைக்குழந்தையைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். கூட யாரும் இல்லை, பேர் தெரியாது. அன்று வந்தவர்களில் 81ஆவது ஆள் என்பதால் 81ஆம் இலக்கக் குழந்தை என்றே பதிந்தார்கள். உலகப் பத்திரிகைகளும் அந்தப் பேரிலேயே எழுதின.

பல தாய்மார் அந்தக் குழந்தைக்கு உரிமை கேட்டதாக அப்போது செய்தி வந்தது. கடைசியில் நீதிமன்றத்துக்குப் போனது ஒரே தம்பதிதான். அவர்கள் உண்மையான தாய் தகப்பனாக இருந்தும் அதை நிரூபிக்கக் கையில் ஒன்றும் இல்லை. வீட்டையும் பத்திரங்களையும் கடல் கொண்டு போய்விட்டது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரியில்தான் குழந்தை அவர்கள் கைக்கு வந்தது. பெற்ற பிள்ளை கண் முன்னால் இருந்தும் தூக்கிக்கொண்டு போக முடியாமல் ஏழு வாரம் காத்திருந்தார்கள்.

சுனாமி எல்லா நாளும் வருவதில்லை. ஆனால் பிரசவ வாட்டில் ஒவ்வொரு நாளும் பேர் இல்லாத பிள்ளைகள் பிறக்கின்றன. குழந்தையின் கையிலோ காலிலோ தாயின் பேரும் நம்பரும் எழுதிக் கட்டுகிற அந்தச் சின்னப் பட்டிதான் பிள்ளையின் அடையாளம். அது அழுக்காகி விட்டது, இறுக்குகிறது என்று நாமே கழற்றக் கூடாது. மிசியிடம் சொல்லி மாற்றிக் கட்ட வேண்டும்.

உலகம் வைத்திருக்கிற விதி

இந்தப் பிழை நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 1999இல் அமெரிக்காவில் ஒரு பெரிய அறிக்கை வந்தது. அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் வைத்தியப் பிழைகளால் வருடத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக அது கணக்கிட்டது. எல்லா வசதியும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை என்று உலகம் திடுக்கிட்டது.

அதன் பிறகு, 2003 முதல், அங்கே ஒரு விதி வைத்தார்கள். மருந்து கொடுக்கும் முன், இரத்தம் எடுக்கும் முன், இரத்தம் ஏற்றும் முன் ஒருவரை இரண்டு அடையாளங்களால் உறுதி செய்ய வேண்டும். முழுப் பேரும் பிறந்த திகதியும், அல்லது முழுப் பேரும் ஆஸ்பத்திரிப் பதிவு நம்பரும். கட்டில் நம்பரும் அறை நம்பரும் அடையாளமாகாது. 2007இல் உலக சுகாதார நிறுவனமும் நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பதை முக்கியமான பாதுகாப்பு வழிகளில் ஒன்றாகச் சொன்னது. 2019 முதல் ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் 17ஆம் திகதியை நோயாளர் பாதுகாப்பு நாளாக வைத்திருக்கிறார்கள்.

நர்ஸ் படிப்பில் மருந்து கொடுப்பதற்கு ஐந்து "சரி" சொல்லிக் கொடுக்கிறார்கள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இதில் முதலாவது ஆள்தான். ஆள் பிழைத்தால் மற்ற நாலும் சரியாக இருந்தும் பிரயோசனம் இல்லை. பெரியம்மாவுக்கு நடந்ததும் அதுதான். ஊசி, அளவு, நேரம் எல்லாம் சரி. ஆள் மட்டும் மாறிவிட்டது.

எந்த நேரத்தில் அதிக கவனம்?

இரத்தம் ஏற்றும்போது: இரத்தத்தில் ஏ, பி, ஏபி, ஓ என்று வகை உண்டு. பொருந்தாத வகையை ஏற்றினால் உடம்பு அந்த இரத்தத்தை எதிரியாக நினைத்து உடைக்கும். சிறுநீரகம் கெடும், உயிர் போகலாம். பரிசோதனைக்கு இரத்தம் எடுத்த குழாயில் பேர் மாறி எழுதுவதாலேயே இப்படி நடப்பது உண்டு. ஆகவே குழாயில் உங்கள் பேரை உங்கள் முன்னாலேயே எழுதச் சொல்லுங்கள். இரத்தம் ஏறத் தொடங்கிய முதல் கால் மணி நேரம் மிக முக்கியம். குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகு வலி, மூச்சு முட்டு எது வந்தாலும் அந்த நிமிஷமே சத்தமாகக் கூப்பிடுங்கள்.

ஊசியும் குளிசையும்: நேற்றுக் கொடுத்தது வெள்ளைக் குளிசை, இன்று மஞ்சள் என்றால் "இது எதுக்கு மிசி?" என்று கேளுங்கள். டொக்டர் மாற்றியிருக்கலாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வதில் பிழையில்லை. ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் முன்பு உடம்பு தடித்திருந்தால், மூச்சு அடைத்திருந்தால், சேர்க்கும் அன்றே சொல்லி டிக்கட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பரேஷன்: தியேட்டருக்கு எடுக்கும் முன் பேர், எந்த உறுப்பு, வலமா இடமா என்று கேட்பார்கள். 2008இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு சரிபார்க்கும் பட்டியல் வெளியிட்டது. "எத்தனை தடவைதான் கேட்பார்கள்" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். கேட்பது நல்லதுக்குத்தான்.

மருந்து எடுக்கும் ஜன்னல்: கிளினிக் நாளில் சனம் நெருக்கும். உறையில் உள்ள பேரைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறோம். வாசிக்கத் தெரியாதவர்கள் ஜன்னலிலேயே "யார் பேர் போட்டிருக்கு?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் புருஷன் மருந்தையும் பெண்சாதி மருந்தையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

1. யார் ஊசியோ மருந்தோ கொண்டு வந்தாலும் தலையாட்டாமல், உங்கள் முழுப் பேரையும் பிறந்த திகதியையும் நீங்களே சொல்லுங்கள். பிறந்த திகதி தெரியாதவர்கள் அடையாள அட்டையைப் பார்த்து இப்போதே மனப்பாடம் செய்யுங்கள்.

2. அடையாள அட்டையையும் கிளினிக் புத்தகத்தையும், பிள்ளைக்கு அதன் சுகாதாரப் புத்தகத்தையும் ஒரே பையில் வையுங்கள். அவசரத்துக்கு அந்தப் பையைத் தூக்கினால் போதும்.

3. கையில் பட்டி கட்டினால் அதில் உள்ள பேரை வாசித்துப் பாருங்கள், அல்லது வாசிக்கச் சொல்லுங்கள். பிழை என்றால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.

4. கட்டில் மாறினால் மிசியிடம் சொல்லாமல் மாற வேண்டாம். டிக்கட்டும் உங்களோடு மாற வேண்டும்.

5. அதே வாட்டில் உங்கள் பேரில் இன்னொருவர் இருந்தால் மிசியிடம் சொல்லி வையுங்கள்: "மிசி, இங்கே இரண்டு பழனியம்மா இருக்கிறோம்."

6. சிங்களம் பேசும் மிசியிடம் இவ்வளவாவது சொல்லப் பழகுங்கள். "மகே நம பழனியம்மா" என்றால் என் பேர் பழனியம்மா. "மே பெஹெத் மட்டத?" என்றால் இந்த மருந்து எனக்கா? விளங்கவில்லை என்றால் தமிழ் தெரிந்த யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியிருக்கிறது. வெட்கப்படவோ பயப்படவோ ஒன்றும் இல்லை.

7. வயதானவர், சின்னப் பிள்ளை, மயக்கத்தில் உள்ளவர், பேச முடியாதவர் என்றால் துணைக்கு ஒருவர் இருக்க அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் பேர், வயது, ஊர், உள்ள வருத்தம், ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதி மிசியிடம் கொடுங்கள்.

அக்காவின் துண்டு

இந்தத் துண்டு எழுதுகிற பழக்கத்தை நான் படித்தது தர்மபுரத்து அக்காவிடம்தான். 2009 ஜனவரியில் சண்டை நெருங்கிய நாட்களில் காயப்பட்டவர்கள் தர்மபுரம் ஆஸ்பத்திரியில் வந்து குவிந்தார்கள். பிறகு அந்த இடமும் பாதுகாப்பு இல்லாமல் சனம் இன்னும் கிழக்கே நகர்ந்தது. அந்த வருடம் பெப்ரவரியில் இருந்து மே வரை செஞ்சிலுவைச் சங்கம் காயப்பட்டவர்களையும் நோயாளிகளையும் கூடப் போனவர்களையும் கப்பலில் ஏற்றியது. 13,000 பேருக்கு மேல் அப்படிப் போனார்கள். யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று சொந்தக்காரர்கள் தேடிய காலம் அது.

"அப்ப நான் மூண்டு பிள்ளையளின்ர சட்டைக்குள்ளையும் பேரெழுதின துண்டு வைச்சுத் தைச்சனான்" என்று அக்கா சொன்னார். "சண்டை முடிஞ்சதும் அந்தப் பழக்கத்தை விட்டிட்டன். அம்மாவுக்கு இப்பிடி நடந்த பிறகுதான் திரும்ப ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளையும் ஆள் துலையக் கூடும் தம்பி."

இப்போது பெரியம்மா கிளினிக்குக் போகும்போதெல்லாம் அந்தத் துண்டு அவர் கைப்பையில் இருக்கிறது. மிசி வந்தால் கேட்கும் முன்னமே முழுப் பேரையும் பிறந்த திகதியையும் சொல்லி விடுகிறார். வாட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும்.

கேட்டால் கோபிப்பார்களா?

இதைத்தான் நம்ம ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். "கேள்வி கேட்டா ஏசுவாங்க சார், அப்புறம் கவனிக்க மாட்டாங்க." சில பேர் ஏசலாம். அதற்காகப் பேசாமல் இருந்தால் நஷ்டம் நமக்குத்தான். மரியாதையோடு கேளுங்கள். "மிசி, குறை நினைக்காதீங்க, என் பேரைச் சொல்லிடுறேன்" என்று ஆரம்பித்தால் அநேகமாக யாரும் கோபிக்க மாட்டார்கள். வேலை தெரிந்த மிசி சந்தோஷப்படுவார். நீங்கள் சொல்கிற பேர் அவரையும் ஒரு பெரும் பிழையில் இருந்து காப்பாற்றுகிறது.

வார முடிவில் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள எல்லாருடைய அடையாள அட்டையையும் கிளினிக் புத்தகத்தையும் எடுத்து, பேரும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் தோட்டத்து நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். எங்கே போய்த் திருத்துவது என்று சொல்லித் தருகிறோம்.

தராசடியில் ஒரு கிலோவுக்குக் குரல் கொடுக்கிற நாம், கட்டிலில் படுத்திருக்கும்போதும் நம்ம பேரைச் சத்தமாகச் சொல்லுவோம்.